கூரை போட்ட பாலத்தில் என் சம்பந்தி

போன வருடம், உயிர்த்த ஞாயிறு முடிந்த கிழமை நடந்தது இது. பலெர்மோவிலிருந்து ஒரு மணி நேரம் காரில் போனால், மலையடிவாரத்தில் ஓர் ஓடை வரும். அதன் மேல் ஓட்டுக் கூரை போட்ட பழைய மரப்பாலம் ஒன்று. இந்தச் சிசிலித் தீவில் வேறெங்கும் அப்படியொன்றை நான் கண்டதில்லை. நான் கண்டதில்லை என்றால் இல்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டு, ஒற்றைப் பையோடு ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்தில் வந்து இறங்கி, இத்தாலியச் சீமாட்டிகளான சிஞ்ஞோராமாரின் வீடு துடைத்து, இன்று பலெர்மோவின் பிரான்காச்சோவில் சொந்தமாகக் கிளீனிங் கம்பனி நடத்துகிறவன் நான். என் கம்பனி வான் வண்டி போகாத ரோட்டு இங்கே கிடையாது.

மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தோம். கல்யாணத்துக்கு முன்பே சோடியாக எடுக்கிறார்களே படங்கள், அதற்கு அந்தப் பாலத்தைப் பிடித்தவனும் நான்தான். மண்டபம், பாண்ட், கேக், சாப்பாடு, எல்லாமே என் ஒழுங்கு. அதில்தான் பிரச்சினை வந்தது. மாப்பிள்ளையின் தகப்பன் யுத்தத்துக்குப் பிறகு வன்னியிலிருந்து வந்தவர். ஹோட்டல் குசினியில் வேலை. மகனின் கல்யாணத்துக்கு ஆட்டிறைச்சிக் கறியைத் தன் கையால் சமைக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை. போனில் கேட்டார்.

"உங்களுக்கேன் கரைச்சல்? எல்லாம் நான் பாப்பன்," என்றேன். நல்ல மனதோடுதான் சொன்னேன்.

"அப்ப பொடியனையும் நீங்களே பெத்திருக்கலாம்," என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டார்.

அதோடு பேச்சு நின்றது. கல்யாணத்தன்று மாதா கோயிலுக்கே வரமாட்டேன் என்று மகனிடம் சொல்லியும்விட்டார். தகப்பன் வராமல் தாலி கட்டமாட்டேன் என்றார் மாப்பிள்ளை. என் மகள் என் முகத்தைப் பார்ப்பதை விட்டாள்.

படம் எடுக்கிற அன்று, தன் மனைவியின் கரைச்சல் தாங்காமல் சம்பந்தி வந்தார். வந்தவர் பாலத்தைக் கடந்துபோய் மறு கரையில் தனியே நின்றுகொண்டார். நான் இந்தக் கரையில்.

திடீரென்று ஆலங்கட்டி மழை. எல்லோரும் பாலத்துக்குள் ஓடினோம். "பாத்தியளே, மழைக்கும் சேத்துத்தான் நான் இடம் பிடிச்சனான்," என்று பின்னால் திரும்பிச் சொல்லிக்கொண்டே ஓடினேன். பாலத்தின் நடுவில் எதுவோ காலைத் தட்டியது. குப்புற விழப் போனவனின் பெல்ட்டை ஒரு கை பிடித்து நிறுத்தியது. மறுபக்கத்திலிருந்து ஓடிவந்த சம்பந்தி.

"மெதுவா, அண்ணை. நீங்கள் விழுந்தா மண்டபத்தை ஆர் பாக்கிறது?"

மகள் பூங்கொத்தால் வாயை மூடிக்கொண்டாள்.

ஆடுகளோடு உள்ளே ஒதுங்கி நின்ற ஒரு கிழவர் விழுந்து விழுந்து சிரித்தார். அந்த இடத்தில் தடுக்கி விழாத ஆளே இல்லையாம். மலைக்காரரின் சிசிலியன் பேச்சு சம்பந்திக்கு விளங்காது. எனக்கு விளங்காத பேச்சு இங்கே இல்லை. "என்னவாம்?" என்று அவர் கேட்க, நான் தமிழில் சொல்லத் தொடங்கினேன்.

ஓடைக்கு இரண்டு பக்கமும் இரண்டு ஊர்கள். பாலத்தை நாங்களே கட்டுவோம், உங்களுக்கேன் கரைச்சல் என்று ஒவ்வோர் ஊரும் மற்ற ஊரிடம் சொன்னதாம். கடைசியில் இரண்டு ஊரும் தத்தம் கரையிலிருந்து பாதிப் பாதி கட்டிக்கொண்டு வந்தன. நடுவில் பார்த்தால் ஒரு பாதி ஒரு சாண் உயரம். இறக்க அவர்களுக்கு மனமில்லை, உயர்த்த இவர்களுக்கு மனமில்லை. அந்தப் படியில்தான் என் கால் தடுக்கியது.

சொல்லச் சொல்ல என் குரல் இறங்கிக்கொண்டு போனது. சம்பந்தி முகத்தில் ஒரு சிரிப்பும் இல்லாமல் கேட்டார், "அந்த ஊர்த் தலைவர் கிளீனிங் கம்பனி வச்சிருந்தவரோ எண்டு ஒருக்காக் கேளுங்கோ."

நான் அதைக் கேட்கவில்லை. கூரை எப்படி வந்தது என்று கேட்டேன். மழையில் மரம் உக்கத் தொடங்கியதாம். ஒரு பாதிக்கு மட்டும் கூரை போட்டால் மற்றப் பாதி உக்கி, இரண்டும் சேர்ந்தே விழும். அதனால் கூரையை மட்டும் இரண்டு ஊரும் சேர்ந்து போட்டார்கள். மனிதர் நனையாமல் இருக்க அல்ல, பாலம் நனையாமல் இருக்க.

அதையும் சொல்லி முடித்தேன். கூரையில் ஆலங்கட்டி படபடவென்று விழுந்துகொண்டிருந்தது. ஆடுகள் எங்கள் கால்களுக்கிடையில் நெருக்கின. சம்பந்தியின் பக்கம் திரும்பிக் கேட்டேன்.

"கறிக்கு எத்தினை ஆடு வேணும், சம்பந்தி?"

"இஞ்சை நிக்கிறது போதும்," என்றார்.

கல்யாணத்தில் என் மண்டபத்தைப் போல ஒரு மண்டபம் பலெர்மோவில் எவரும் எடுத்ததில்லை. இருந்தாலும் சனம் இன்றும் பேசுவது சம்பந்தியின் கறியைப் பற்றித்தான். நானும் இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன். எதையும் தனி ஆளாகச் செய்து முடிக்கக் கூடியவன்தான் நான். ஆனால் இப்போது எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும், மறு கரையில் யார் நிற்கிறார் என்று ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முதல் பலகையை வைக்கிறேன்.