சாமி விளக்குக்குப் போன ஒயர்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஒரு வருடம் நிறைகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உங்களில் பாதிப் பேருக்கு அவர் உறவு. மீதிப் பேருக்கு, உங்கள் வண்டிக்கு அடியிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த இரண்டு கால்கள். இரு தரப்புக்கும் பொதுவாக எழுதும் பொறுப்பை மதினி என்னிடம் கொடுத்தார்கள். குடும்பத்தில் புத்தகம் படிக்கிறவன் நான்தான் என்பது அவர்கள் சொன்ன காரணம். வேறு எந்த வேலைக்கும் ஆகாதவன் என்பதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

புதூருக்குத் தெற்கே, மழை பெய்தால் பஸ் வராத ஊரில் நான்கு பிள்ளைகளில் மூத்தவராக அண்ணன் பிறந்தார். அப்பாவுக்கு மானாவாரி நிலம். உளுந்தும் பருத்தியும் வானத்தைப் பார்த்து வளரும், பல வருடம் வளராமலும் இருக்கும். அடுத்தடுத்து இரண்டு வருடம் விதைத்தது வீடு வராமல் போனபோது, பத்தாம் வகுப்போடு நிறுத்திக்கொண்டு கோவில்பட்டிக்குப் பஸ் ஏறினார். அவர் நிறுத்திய படிப்பை நான் தொடர்ந்தேன். தொடர்ந்து என்ன கிழித்தேன் என்று கேட்பவர்கள், நான் வேலை பார்க்கும் கல்லூரி நூலகத்துக்கு வரலாம். அங்கே கூட்டமே இருக்காது.

அண்ணன் பைபாஸ் ரோட்டில் தகரக் கூரை போட்டு ஒரு ஷெட் வைத்தார். வேலை, பெரிய பிக்கப் வண்டிகளுக்கு ஒயரிங். தீப்பெட்டி பண்டல், கடலைமிட்டாய்ப் பெட்டி, வெங்காயம், ஆடு என்று இந்தப் பக்கம் எது நகர்ந்தாலும் அந்த வண்டிகளில்தான் நகர்கிறது. அவை நின்றுபோனால் அண்ணன்.

கரிசல் மண் காய்ந்தால் கல், நனைந்தால் பசை. வண்டியின் அடியில் அப்பிக்கொண்டு நாள்கணக்கில் ஈரத்தை வைத்திருந்து, ஒயர் ஜாயின்ட்டுகளையும், சேஸ் என்கிற அடிச்சட்டத்தில் முடுக்கிய எர்த் கேபிளையும் அரித்துவிடும். காலையில் சாவியைத் திருப்பினால் 'டக்' என்று ஒரு சத்தம், அதோடு சரி. பேட்டரி போச்சு என்று வண்டிக்காரர் தானே தீர்ப்பு எழுதி, புதுப் பேட்டரியோடு வந்து நிற்பார். அண்ணன் அதை ஓரமாக வைக்கச் சொல்லிவிட்டு, எர்த் கேபிளைக் கழற்றி, மண்ணைச் சுரண்டி, உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முடுக்குவார். பழைய பேட்டரியிலேயே வண்டி கிளம்பிவிடும். டைனமோ சார்ஜ் ஏற்றவில்லை என்று வந்தால் முதலில் பெல்ட்டைத்தான் விரலால் அழுத்திப் பார்ப்பார். திருவிழாப் பந்தல் போல நாலு ஹாரனும் எட்டு லைட்டும் கூடுதலாக மாட்டி, ஒயர் சூடேறி வருகிறவர்களிடம், "வண்டி ஓட்டுதீங்களா, கோயில் கொடை நடத்துதீங்களா?" என்று கேட்பார்.

ஒருமுறை, வோல்டேஜுக்கும் கரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை நான் புத்தகத்தில் படித்து அவருக்கு விளக்கினேன். பொறுமையாக முழுவதும் கேட்டார். "நல்லாருக்குலே. அந்த ஸ்பேனரை எடு" என்றார். நான் எடுத்துக் கொடுத்தது ஸ்பேனர் இல்லை.

அண்ணனுக்கும் மதினிக்கும் இரண்டு பெண் பிள்ளைகள். இருவரும் படித்து வேலைக்குப் போகிறார்கள். எங்கள் தங்கைகள் இருவரையும் கட்டிக்கொடுத்தது அண்ணன்தான். ஒயரிங் தவிர வேறு எதைப் பற்றியும் நாலு வாக்கியத்துக்கு மேல் அவர் பேசி நான் கேட்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு நாள் பேசத் தேவையே இல்லாத இடத்துக்கு வலியப் போய்ப் பேசினார். நல்லவர், வல்லவர் என்று நான் அடுக்குவதைவிட அதைச் சொல்வதே சரி.

எங்கள் பக்கத்து லோடு வண்டிகளில், டேஷ்போர்டில் சாமி படமும் அதன் முன்னால் சிவப்பாக ஒரு குட்டி விளக்கும் இருக்கும். ஐந்து பிக்கப் வைத்துத் தீப்பெட்டி பண்டல் ஏற்றிக்கொண்டிருந்த ஒரு முதலாளிக்கு, வண்டி ஓடும்போது மட்டும் அந்த விளக்கு எரிவது போதவில்லை. சாவியை எடுத்தாலும் அணையக் கூடாது, ஃபியூஸ் போனாலும் அணையக் கூடாது என்றார். ஆயுத பூஜைக்கு முந்தின நாள், ஷெட்டில் வரிசையாக வண்டிகள் நிற்கும் நேரம். அண்ணன் மறுத்துப் பேசாமல், ஐந்து வண்டிக்கும் பேட்டரியிலிருந்து நேராக ஒயர் இழுத்து, நடுவில் ஃபியூஸ் இல்லாமல் விளக்கை மாட்டிக்கொடுத்தார். பிறகு மறந்தும் போனார்.

இரண்டு ஆயுத பூஜை கழிந்தது. பூஜைக்குப் பூஜை வண்டிகளை உள்ளும் புறமும் தண்ணீர் பீய்ச்சிக் கழுவினார்கள். ஐந்தில் ஒரு வண்டி மட்டும் சில நாள் காலையில் கிளம்ப மறுத்தது. சில நாள் ஒழுங்காகக் கிளம்பியது. பேட்டரியை மாற்றியும் அதே கதை. அதை ஓட்டியவர் செல்வம், பதினோரு வருடமாக அதே முதலாளியிடம் இருந்தவர். வண்டியை நிறுத்திவிட்டு உள்ளே உட்கார்ந்து பாட்டுக் கேட்டே பேட்டரியை இறக்குகிறான் என்று முதலாளி முடிவு செய்து, அவரை வேலையை விட்டு நிறுத்திவிட்டார். கோவில்பட்டியில் இது சாதாரணப் பழி இல்லை. ஒரு முதலாளி அப்படிச் சொல்லி அனுப்பிய டிரைவரை இன்னொருவர் சாவியைத் தொடவிட மாட்டார்.

ஒரு சனிக்கிழமை காலை, நான் ஷெட்டில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது செல்வம் நடந்து வந்தார்.

"அண்ணாச்சி, நான் பாட்டுக் கேக்கல. நீங்களாவது நம்புங்க."

"நான் நம்பி என்ன ஆகப்போகுது. வண்டிகிட்ட கேப்போம்" என்றார் அண்ணன்.

முதலாளிக்குப் போன் போட்டு, ஒரு தடவை பார்த்துத் தருகிறேன் என்று சொல்லி வண்டியை வரவழைத்தார். சாவியை எடுத்து, சாமி விளக்கின் பல்பையும் கழற்றி, எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, பேட்டரியின் ஒரு முனையைக் கழற்றி, கழற்றிய கேபிளுக்கும் பேட்டரிக்கும் நடுவில் தன் சோதனை பல்பை மாட்டினார். வண்டியில் எதுவும் கரண்ட் குடிக்கவில்லை என்றால் அந்த பல்பு எரியக் கூடாது. எரிந்தது, மங்கலாக. ஃபியூஸ்களை ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். எந்த ஃபியூஸின் லைனில் திருட்டு நடக்கிறதோ, அதைப் பிடுங்கியதும் பல்பு அணைய வேண்டும். கடைசி ஃபியூஸையும் பிடுங்கியாயிற்று; பல்பு அணையவில்லை.

 அண்ணன் கேபின் தரையின் ரப்பர் விரிப்பைத் தூக்கினார். அடியில், கழுவிய தண்ணீரும் கரிசல் மண்ணும் குழம்பிக் கிடந்த பள்ளத்தில், டேப் பிரிந்து, பச்சை பூத்து, சேஸோடு ஒட்டிக்கொண்டு ஒரு ஜாயின்ட். மண் ஈரமாக இருக்கும் நாளெல்லாம் கரண்ட் கசிந்தது. காய்ந்த நாளில் நின்றது. சாமி விளக்குக்குப் போன ஒயர் அது.

அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குப் புரிந்தது. படித்தவன் என்ற முறையில் உடனே ஆலோசனை சொன்னேன். எலி கடித்துவிட்டது என்று சொன்னால் போதும். செல்வத்துக்கும் வேலை கிடைக்கும், நமக்கும் கெட்ட பேர் இல்லை, எலி வந்து மறுக்கப் போவதும் இல்லை.

"ஏலே, ஃபியூஸ் போடாம விட்டது எலியா?" என்றார். கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். செல்வமும் நானும் பின்னால் போனோம்.

முதலாளியின் அலுவலகத்தில் நாலைந்து பேர் இருந்தார்கள். அவர்கள் போகட்டும் என்று நான் அண்ணனின் சட்டையைப் பிடித்து இழுத்தேன். அண்ணன் அவர்கள் முன்னாலேயே சொன்னார்: "தப்பு டிரைவர் மேல இல்ல, ஒயர்ல. அந்த ஒயரப் போட்டது நான்தான்."

முதலாளி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "ஒமக்கு என்னவே கிறுக்கா? ஒம்மகிட்ட நான் ஏதும் கேட்டனா?"

"செல்வத்துகிட்ட கேட்டீங்கள்லா மொதலாளி. அதுக்குத்தான் பதில் சொல்லுதேன்."

 செல்வம் திங்கட்கிழமை வரட்டும் என்றார் முதலாளி. இனி வண்டிகளை வேறு ஷெட்டில் பார்த்துக்கொள்வதாகவும் சொன்னார். அண்ணன் இரண்டுக்கும் தலையாட்டிவிட்டு, தீப்பெட்டி ஏற்றுகிற வண்டிகள் என்பதால் மற்ற நான்கையும் இன்றைக்கே பார்த்துவிட்டுத்தான் போவேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

பார்த்தார். மூன்றாவது வண்டியில் அந்த ஒயரின் தோல் ஒரு சாண் நீளத்துக்குக் கருகியிருந்தது. அதற்கு ஒரு முழம் மேலே தீப்பெட்டி பண்டல் அடுக்கும் பலகை. கருகிய ஒயரை வெட்டி எடுத்து முதலாளியின் மேஜையில் வைத்தார் அண்ணன்.  ஐந்து வண்டியிலும் அந்த லைனைச் சாவி வழியாக மாற்றி, ஃபியூஸ் போட்டார். விளக்கு அணைந்துபோகுமே என்று முதலாளி முனகினார்.

"வண்டி நிக்கும்போது சாமியும் செத்த நேரம் தூங்கட்டும் மொதலாளி" என்றார் அண்ணன்.

திரும்பும் வழியில் லோடு ஸ்டாண்டில் இறங்கி, அங்கிருந்த டிரைவர்களிடமும் நடந்ததைச் சொன்னார். அடுத்த சில மாதம் ஷெட்டில் வண்டி குறைந்தது. நான் அப்பவே சொன்னேன் என்று நான் சொன்னேன். நான் எப்போதும் சொல்கிறவன்தான். ஆனால் டிரைவர்கள் மெல்ல மெல்ல வர ஆரம்பித்தார்கள். எந்த ஷெட்டுக்குப் போவது என்று அவர்களே முடிவு செய்யும் நாளெல்லாம் வண்டி அண்ணனிடம் வந்து நின்றது. தன் தப்பைத் தானே சொல்கிற மெக்கானிக் நம் தப்பைக் கூட்டிச் சொல்ல மாட்டார் என்பது அவர்கள் கணக்கு.

கடைசி இரண்டு வருடம் சிறுநீரகம் அண்ணனைப் படுத்தியது. வாரம் இருமுறை திருநெல்வேலிக்குப் போய் வந்தார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் படுத்துக்கொண்டே, வார்டில் விட்டு விட்டு எரிந்த டியூப் லைட்டுக்கு எங்கே லூஸ் கனெக்‌ஷன் என்று நர்ஸம்மாவிடம் சொன்னார். ஆள் வந்து பார்த்தபோது அங்கேதான் இருந்தது. மறுவாரம் பேச்சுக் குறைந்தது. ஒரு காலை நேரத்தில், மதினியும் பிள்ளைகளும் பக்கத்தில் இருக்க, அமைதியாகப் போய்ச் சேர்ந்தார்.

அவரைத் தங்கள் ஆளாகப் பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், நர்ஸம்மாக்கள், பதினாறு நாளும் அடுப்புப் பற்றவைக்க விடாமல் சாப்பாடு கொண்டுவந்த தெருக்காரர்கள், கடம்பூரிலிருந்து வந்து முன்னின்று எல்லாம் செய்த சம்பந்தி வீட்டார், கூட்டத்துக்கு வெளியே தள்ளி நின்று மாலை போட்டுவிட்டுப் போன அந்த முதலாளி, அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. லீவு நாளையெல்லாம் அண்ணனைத் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போவதிலேயே செலவழித்த செல்வத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. இந்த மலருக்கு அவரும் நாலு வரி தர வேண்டும் என்று கேட்டேன். 

"எனக்கு எழுத வராது அண்ணாச்சி. இன்னமும் அதே வண்டியத்தான் ஓட்டுதேன்னு மட்டும் போட்டுருங்க."

போட்டுவிட்டேன்.