ஐம்பதிலேயே பென்ஷன்

மூடிப்போன நூல் மில்லில் வேலை பார்த்த அந்தப் பெண்மணியைக் கரமனை பஸ்ஸில் ஒரே ஒருமுறை சந்தித்தேன். மடியிலிருந்த பென்ஷன் விண்ணப்பத்தை ஓயாமல் நீவிக்கொண்டிருந்தார். முந்தின நாள்தான் ஐம்பது வயது முடிந்ததாம். முகத்தில் சிரிப்பு அடங்கவில்லை.

கணக்கெழுதும் வேலையிலிருந்த எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. "ஐம்பத்தெட்டு வரை பொறுத்தா முழுசா கிடைக்கும் அக்கா. இப்பம் வாங்கினா ஆயுசுக்கும் குறைவுதான்."

"தெரியும் மோளே, ஆபீஸ்லயும் அதுதான் பறஞ்சாவ. மவன் வீட்டு அடுக்களையில இன்னும் எட்டு வருஷம் படுக்க என்னால ஏலாது. வலியசாலையில ஒரு ரூம் பாத்தாச்சு. எனக்குன்னு ஒரு பூட்டும் சாவியும்."

பென்ஷன் ஆபீஸ் நிறுத்தம் வருமுன்பே எழுந்து வாசலுக்குப் போய்விட்டார். கணக்குப்படி நான் சொன்னதுதான் சரி. அப்படியிருந்தும், "மத்தியானத்துக்கு முன்ன குடுத்திடுங்க அக்கா" என்று நானே அவரை அவசரப்படுத்தினேன்.