மறுபயன் இல்லாத வாக்கு

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் இடையில் இருக்கிற எங்கள் ஒழுங்கையில், பிணக்கு வந்தால் யாரும் உடனே பொலிசுக்குப் போவதில்லை. போனால் சிங்களத்தில் முறைப்பாடு எழுத வேண்டும், பிறகு நாள்நாளாய் அலைய வேண்டும். எல்லாம் முடிந்து வந்தால் அதே முகத்தை லிஃப்டுக்குள் பார்க்கவும் வேண்டும். ஆகவே விசயம் தெரிந்த ஒருவரைக் கூப்பிட்டு நியாயம் கேட்பார்கள். சில வருடங்களாக அந்த ஒருவர் நானாக இருந்தேன்.

நான் சட்டம் படித்தவன் அல்ல. இரும்புச் சாமான் இறக்குமதி செய்யும் கொம்பனியொன்றில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். மருதானை நடைபாதையில் பழைய புத்தகம் விற்பவரிடம் ஒருநாள் வணிகச் சட்டப் பாடப்புத்தகம் ஒன்று கிடைத்தது. இந்தியாவில் கொமர்ஸ் மாணவர்களுக்காக அச்சிட்டது. ஒப்பந்தம் ஒன்றுக்கு வேண்டிய முனைவு, ஏற்பு, மறுபயன் என்று ஒவ்வொன்றாக எனக்கு விளங்க விளங்க, ஒழுங்கை முழுவதும் அந்தப் புத்தகத்துக்கு உதாரணமாய்த் தெரியத் தொடங்கியது. கண்ணாடிக்குள் தொங்கிய சாரியில் பிழையான விலை ஒட்டியிருந்ததென்று ஒரு அம்மா கடைக்காரனோடு மல்லுக்கு நின்றபோது, "தொங்கவிட்டது விற்கிறன் எண்டதில்லை அக்கா, வாங்கோ பாருங்கோ எண்ட அழைப்புத்தான்" என்று நான் விளக்கம் சொன்னேன். அம்மா என்னை முறைத்தார், கடைக்காரன் தேத்தண்ணி வாங்கித் தந்தான். மரக்கறி விற்கிற கிழவர் அதைப் பார்த்துவிட்டு, "சட்டம் தெரிஞ்சவன் இருக்கிற தெருவிலை சண்டை குறையாது, சத்தம்தான் குறையும்" என்றார். எனக்கு அது பாராட்டாகவே கேட்டது. சனங்களின் வாயில் வருகிற இப்படியான சொற்களில் எனக்கு ஒரு பைத்தியம். யார் எதைச் சொன்னாலும் மனதில் முடிந்துவைத்துக்கொள்வேன்.

போன வருடம் எங்கள் ஒழுங்கை முனையிலிருந்த தையல்கடை முதலாளி, கடையை விற்றுவிட்டு மகளோடு இருக்கக் கனடாவுக்குப் போக ஆயத்தமானார். அவருடைய கடையில் நெடுங்காலமாக வேலை செய்தவர், ஹட்டன் பக்கத்திலிருந்து கலியாணம் கட்டிக் கொட்டாஞ்சேனைக்கு வந்த ஒரு பெண். விசா வந்த அன்று முதலாளி, துணியின் ஓரம் அடிக்கிற ஓவர்லொக் மெசினைத் தட்டிக் காட்டி, "இவ்வளவு காலம் கடையைத் தாங்கினது நீதான் பிள்ளை, இது உனக்கு" என்று வாடிக்கையாளர் முன்னால் சொல்லியிருக்கிறார். வீட்டில் இருக்கிற கால்மெசினோடு அதுவும் சேர்ந்தால் அந்தப் பெண் வீட்டிலிருந்தே பிளவுஸ் தைத்துப் பிழைப்பார். இல்லாவிட்டால் வேறு கடை தேடி நிற்க வேண்டும். கடையை வாங்க வந்தவரோ மெசின்கள் எல்லாம் சேர்த்தே வேண்டும் என்றார். முதலாளியின் மச்சானும் அவர் பக்கம் சேர்ந்துகொண்டார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பாதிக் கதவு சாத்திய கடைக்குள் என்னைக் கூப்பிட்டு இருத்தினார்கள். முதலாளி நிலத்தைப் பார்த்துக்கொண்டு, "நான் வாயாலை சொன்னனான்தான் ஐசே, இல்லையெண்டு சொல்லேல்லை. நீர் புத்தகம் படிச்ச மனுசன், நீர் சொல்லுறது எனக்குச் சரி" என்றார். மச்சான் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அந்தப் பெண்ணிடம் ஏதும் சொல்ல இருக்கிறதா என்று நீதவான் மாதிரிக் கேட்டேன்.

"எனக்கு என்னாங்கய்யா தெரியும்? எங்க ஊர்ல சொல்லுவாங்க, வாயால போட்ட முடிச்ச பல்லாலயும் அவுக்க முடியாதுன்னு."

என்ன அருமையான சொல் என்று வாய்விட்டுப் புகழ்ந்தேன். இன்னொரு தரம் சொல்லவும் வைத்தேன். அவர் வெட்கத்தோடு திரும்பச் சொன்னார். அதன் பிறகுதான் தீர்ப்பைத் தொடங்கினேன். ஒரு வாக்குக் கட்டுப்படுத்த வேண்டுமென்றால் அதற்குப் பதிலாக மற்றவர் ஏதாவது தந்திருக்க வேண்டும், அதுதான் மறுபயன். நீங்கள் செய்த வேலை வாக்குக்கு முன்னமே முடிந்த வேலை, அதற்குச் சம்பளமும் வந்தாயிற்று. முடிந்துபோனது மறுபயன் ஆகாது. ஆகவே இது நல்ல மனதில் சொன்ன சொல், ஒப்பந்தம் அல்ல. இப்படி விரல் மடித்து, ஒரு பாடமே நடத்தினேன். மச்சான் தலையாட்டிக்கொண்டே இருந்தார். முதலாளி ஏனோ ஆட்டவில்லை.

"அப்ப சரிங்கய்யா. படிச்சவங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று அந்தப் பெண் கைப்பையை எடுத்துக்கொண்டு போனார். அன்று எனக்குச் சோறு நல்லாய் இறங்கியது. அதை இப்போது எழுதவே கூசுகிறது.

கடை கைமாறி, முதலாளி விமானம் ஏறிச் சில மாதங்களின் பின், ஒரு காணி உறுதியைக் காட்டி ஆலோசனை கேட்க, நீதிமன்றங்கள் இருக்கிற புதுக்கடைப் பகுதியில் ஒரு வக்கீலிடம் போனேன். காத்திருந்த நேரத்தில் என் தீர்ப்பைப் பெருமையாகச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"இதை எங்கை படிச்சனீங்கள்? அது இங்கிலீஷ்காரன்ரை சட்டம், இந்தியாவிலையும் அதுதான். எங்களுக்கு ஒல்லாந்தர் விட்டுட்டுப் போன சட்டம் ஐயா. மனமறிஞ்சு, ஒரு நல்ல காரணத்துக்காக வாக்குக் குடுத்தால் இங்கை அதுவே போதும், பதிலுக்கு ஒண்டும் தரத் தேவையில்லை. பழைய உழைப்புக்கு நன்றியாகக் குடுக்கிறது நல்ல காரணம் இல்லாமல் வேறை என்ன?"

அவர் சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குக் காது சுட்டது. வேறு நாட்டுச் சட்டத்தைக் கொண்டுவந்து ஒரு ஏழைப் பெண்ணின் கையிலிருந்ததைப் பறித்திருக்கிறேன்.

அன்று பின்னேரமே கனடாவுக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். வக்கீல் சொன்னதை முதலாளி முழுதாகக் கேட்டார். பிறகு, "நீர் குடு எண்டு சொல்லுவீர் எண்டு நினைச்சுத்தான் ஐசே உம்மைக் கூப்பிட்டனான். மச்சானுக்குக் காட்ட எனக்கு ஒரு ஆள் தேவைப்பட்டது" என்றார். கடையை வாங்கியவர் அந்த மெசினை நுகேகொடையில் யாருக்கோ விற்றுவிட்டார் என்பதும் அவர் சொல்லித்தான் தெரியும்.

அடுத்த ஞாயிறு கொட்டாஞ்சேனைக்குப் போனேன். ஒற்றை அறை, பின்னால் சமையல். ஜன்னலோரம் இன்னொரு மெசின் வைக்கிற அளவுக்கு இடம் ஒழித்து, சுவரில் புதிதாக ஒரு பிளக் அடித்திருந்தது. அதன் கீழே சோறு ஆக்கும் குக்கர் இருந்தது. அந்தப் பெண் மடியில் ஒரு பிளவுசை வைத்து ஓரத்தைக் கையால் தைத்துக்கொண்டிருந்தார். வேறு கடை இன்னும் சரிவரவில்லையாம். நான் சொல்ல வந்ததைச் சுற்றி வளைக்காமல் சொல்லி முடித்தேன். அவர் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்திவிட்டு ஒன்றே ஒன்று கேட்டார்.

"நீங்க அன்னைக்கே இப்படிச் சொல்லிருந்தா, மொதலாளி குடுத்திருப்பாருங்களா?"

"ஓம். குடுத்திருப்பார்."

வேறு மெசின் ஒன்றுக்கு என்னால் ஆனதைச் செய்கிறேன் என்றேன். அவர் வாசலைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "எங்க வீட்டுக்காரருகிட்ட மட்டும் இதச் சொல்லிடாதீங்கய்யா. விடாத, திரும்பப் போய்க் கேளுன்னு அன்னைக்குச் சண்ட போட்டாரு. ஐயா படிச்சவரு, தப்பாச் சொல்ல மாட்டாருன்னு நாந்தான் அவரு வாய அடச்சேன்."

கணவர் அப்போதுதான் உள்ளே வந்தார். ஒருகொடவத்தையில் கொண்டெய்னர் லொறிகளுக்கு உதவியாளாக இருப்பவர். நான் யார் என்று தெரிந்ததும் முகம் மலர்ந்து, தான் உட்காரவிருந்த கதிரையையும் என் பக்கம் தள்ளினார். நானும் இருந்தேன். சுகம் விசாரித்தவர், ஐயா வந்ததும் நல்லதாப் போச்சு என்று தன் கதையைத் தொடங்கினார். வருகிற வருடம் உன்னை டிரைவராகப் போடுகிறேன் என்று மனேஜர் போன வருடம் எல்லார் முன்னாலும் சொன்னாராம். இப்போது வேறு ஆளைப் போட்டுவிட்டாராம்.

"கேக்க வழி இருக்குங்களா ஐயா?"

அந்தப் பெண் அடுப்பருகே திரும்பி நின்றார்.

"எனக்குத் தெரியாது தம்பி. நான் சட்டம் படிச்ச ஆளில்லை. புதுக்கடையிலை ஒரு வக்கீல் இருக்கிறார், அவரிட்டைக் கேட்பம். நான் கூட வாறன்."

அவர் சிரித்தார். "வெசயம் தெரிஞ்சவங்க இப்படித்தான் தெரியாதும்பாங்க" என்று மனைவியைப் பார்த்துச் சொல்லி, எனக்குப் பிளேன்டீ ஊற்றச் சொன்னார். அந்தப் பெண் கொண்டுவந்து வைத்தார், என் முகத்தைப் பார்க்கவில்லை. சீனி போடாததை நான் சொல்லவில்லை. கணவர் மனேஜரைப் பற்றிச் சொல்லச் சொல்ல, அடிவரை குடித்து முடித்தேன்.