நளினாட்சியின் ஏழு கோடி

நளினாட்சி எட்டாம் வகுப்போடு நின்றவள். கண்ணூரில் எங்கள் பீடிக் கம்பெனியில் எனக்குப் பக்கத்து இடம். பகலில் ஆயிரம் பீடி, வீட்டுக்குப் போனால் வகுத்தல் கணக்கு. கல்யாணம் பண்ணச் சொன்ன அண்ணனிடம், "இந்த எண் முடியட்டும்" என்று சொன்ன பைத்தியம் அவள்.

அந்த எண் 7,39,39,133. கடைசி இலக்கத்தை ஒவ்வொன்றாக வெட்டினாலும் மிஞ்சுவது ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதாலும் வகுபடாத பகா எண்தான்; ஏழு வரைக்கும் அப்படியே. சின்னவற்றையெல்லாம் முன்பே பார்த்துவிட்டாள். எட்டு இலக்கமும் சேர்ந்த எண்ணுக்கு மட்டும் ஐந்து மாதம். ஆயிரத்துக்கு மேற்பட்ட பகா எண்களால் வகுத்துப் பார்த்து, வாசகசாலைக் கையெழுத்து இதழில் எழுதினாள். இருப்பது ஒரே பிரதி. அதைச் சாயங்காலம் வாசகசாலை ஆண்டுவிழாவில் வைக்க வேண்டும்.

அன்று காலையில் பவித்ரன் அதை எங்களுக்கு வாசித்தார். நாங்கள் பீடி சுற்றும்போது பத்திரிகை வாசித்துக் காட்டுவது அவர் வேலை. அண்ணன் என்ற அர்த்தத்தில் அவரை 'ஏட்டா' என்போம்.

"8,543-இன் வர்க்கம் 7,39,82,849. நம் எண்ணைத் தாண்டிவிட்டதால் இதற்கு மேல் வகுக்கத் தேவையில்லை..."

நளினாட்சியின் கை நின்றது.

"பவித்ரேட்டா, நிறுத்துங்க. தப்பு. அது ஏழு கோடியே இருபத்தொம்போது லட்சம்தான் வரும். பத்து லட்சம் கூடப் போட்டுட்டேன். இன்னும் அஞ்சு எண் பாக்கி இருக்கு."

யாருக்கும் தெரிந்திருக்காது. வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். எனக்கு அவள் மேல் கோபம்கூட வந்தது.

"அஞ்சுல ஒண்ணு வகுத்துட்டா?" என்றான் எதிரே பீடி சுற்றிக்கொண்டிருந்த கோரன்.

"அஞ்சு மாசமும் வீண். பக்கத்தைக் கிழிச்சுருவேன்."

"கிழிக்கிறது அப்புறம். பலகையை எடுங்க ஏட்டா" என்றான் கோரன்.

பவித்ரன் கரும்பலகையில் வகுக்க, நாற்பது பேரும் இலையைக் கீழே வைத்துவிட்டுச் சரிபார்த்தோம். 8,543, மீதி வந்தது. 8,563, 8,573, 8,581, எல்லாவற்றுக்கும் மீதி. கடைசி 8,597. நடுவில் மீதி வெறும் நாற்பத்தொன்பதாகச் சுருங்கியதும் நளினாட்சி என் கையை நசுக்கினாள். இன்னும் இரண்டு இலக்கங்கள் இறக்க வேண்டும். ஒரு மூன்று இறங்கியது, 493. இன்னொரு மூன்று.

"நாலாயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்து மூணு" என்றார் பவித்ரன். "வகுபடலை."

அவள் விசும்பி விசும்பி அழுதாள். எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"கணக்குல மீதி வந்ததுக்கு அழுற மொத ஆளு நீதான்டி" என்றான் கோரன். அவன் கண்ணும் கலங்கியிருந்தது.

அன்று ஒருவர்கூட ஆயிரம் சுற்றவில்லை. அவளோ அந்தப் பக்கத்தைக் கிழிக்காமல், தப்பான வர்க்கத்தின் மேல் ஒரு கோடு போட்டு, சரியானதைப் பக்கத்தில் எழுதினாள். அதன் கீழே ஐந்து மீதிகளையும், சரிபார்த்த நாற்பது பேரின் பெயர்களையும் எழுதி முடிக்கும்வரை ஆண்டுவிழாவை ஆரம்பிக்க விடவில்லை.