பெரட்டுத் திடலில் பால்டின்

மலேசியாவிலிருந்து ஐ.நா. அமைதிப் படையோடு ஆப்பிரிக்காவுக்குப் போன என் அண்ணன் தொண்ணூறுகளின் தொடக்கத்தில் திரும்பி வந்தபோது எனக்குத் தலைகால் புரியவில்லை. ஈப்போ பக்கம் ஜெலாப்பாங் தொழிற்சாலையில் என்னோடு வேலை பார்த்த தோழியை அவனுக்குப் பேசி வைத்திருந்தோம். இருவருக்கும் பிடித்திருந்தது. அந்த நேரம் பார்த்துக் கேன்டீனுக்கு ஒரு பாழாய்ப்போன பேச்சு வந்து சேர்ந்தது. அமைதி காக்கப் போன சிப்பாய்கள் சிலர் அங்கே பசித்த பெண்களிடம் தப்பாக நடந்துகொண்டார்களாம்.

ஞாயிற்றுக்கிழமை அவள் எங்கள் ஈப்போ வீட்டுக்கு வந்தாள். உரிமையோடு சட்டியைத் திறந்து பார்க்கிறவள், அன்று நான் சூடாகக் கலக்கிக் கொடுத்த மைலோவைத் தொடவேயில்லை. சம்பந்தம் வேண்டாம் என்று நினைத்துவிட்டால் எங்களவர்கள் அந்த வீட்டில் கை நனைக்க மாட்டார்கள். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

“அங்க என்ன நடந்துச்சு? நீங்களே சொல்லுங்க,” என்று அண்ணனிடம் கேட்டாள்.

“கேன்டீன் பேச்ச நம்பிக்கிட்டு வந்துட்டியா?” என்று நான் பாய்ந்தேன்.

“நீ சும்மா இரு லா. அது உண்மைதான்,” என்றான் அண்ணன்.

நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டான்.

“பல நாட்டுப் பட இருந்துச்சு. யாரும் கெட்டவனா பொறந்து அங்க வரல. வேலையில்லாத பொழுது, வீட்டு ஞாபகம், பீர். வேலிக்கு வெளிய பசி, நம்ம கையில பால்டின். அந்தப் பொண்ணுங்க யாருகிட்ட போயி சொல்லும்? மேலதிகாரிங்களுக்குக் கேம்ப் பேரு கெட்டுடக் கூடாதுன்னுதான் கவல. கேக்க ஆளில்லன்னா மனுசன் என்ன வேணும்னாலும் செய்வான்.”

“நம்ம கிராணி மாதிரி,” என்றாள் அவள்.

கோலா கங்சார் பக்கம் ஒரே ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர்கள் நாங்கள். அங்கே கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா, ஒவ்வொரு பெண்ணாக ஸ்டோருக்குள் கூப்பிட்டுத்தான் அரிசி அளப்பார். ஒரு காலை பெரட்டுத் திடலில், தினமும் வேலைக்கு ஆள் பிரிக்கும் இடத்தில், பெண்களெல்லாம் ரப்பர் பால் வாளிகளைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். அதற்குப் பிறகு எதைக் கொடுத்தாலும் எல்லார் கண்முன்னும் திடலில்தான்.

“நீங்க என்ன செஞ்சீங்க?” அவள் விடவில்லை.

“மொதல்ல ஒண்ணும் செய்யல. நான் ஒழுங்கா இருந்தா போதும்னு நெனச்சேன். அப்புறம் ஒரு பொண்ணு டின்னுக்காக வேலியோரம் தனியா நடுங்கிக்கிட்டு நிக்கிறதப் பாத்தேன். மனசு கேக்கல. அவள வரச் சொன்ன ஆளு பேரச் சொல்லி மேலிடத்துல புகார் கொடுத்தேன். கூட்டாளிங்க என்கூட சாப்பிட மாட்டேன்னாங்க. போங்கடான்னுட்டேன். ஒரு ஆபீசரக் கெஞ்சி, டின்னயெல்லாம் திடலுக்குக் கொண்டாந்து, அந்த ஊரு பொம்பளைங்க கையாலேயே பட்டப்பகல்ல கொடுக்க வெச்சேன். நம்ம பெரட்டு மாதிரி.”

“எல்லாம் சரியாயிருச்சா?”

“எல்லாம் இல்ல. ஆனா வேலியோரம் நிக்கிறது நின்னு போச்சு. அந்த ஆளையும் ஊருக்குத் திருப்பி அனுப்பிட்டாங்க.”

என் அண்ணனை நினைத்து அன்றுதான் எனக்கு உண்மையிலேயே பெருமையாக இருந்தது. அவனை வரவேற்க மாலையும் கையுமாக வந்தவர்களிடம் அவன் இதைச் சொல்லியிருக்கவே இல்லை.

அவள் கோப்பையைத் தன் பக்கம் இழுத்தாள். மைலோ ஆறி ஆடை படிந்து கிடந்தது. அதை ஒதுக்கக்கூட இல்லை, அப்படியே எடுத்து ஒரே மடக்கில் குடித்தாள்.

“அடுத்த தடவ சீனி கொறைச்சுப் போடு லா,” என்றாள் என்னிடம்.