மூன்று சோற்றுப் பார்சல்கள்

ஊரில் அரசாங்கக் கச்சேரியில் எழுதுவினைஞராக இருந்து, பிறகு சிசிலித் தீவின் பலெர்மோவில் ஒரு மாடிக் கட்டடத்தைக் காவல் காத்து, இரண்டிலிருந்தும் ஓய்வு பெற்றவன் நான். கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கும் என் சமையலறை மேசையில் எம்மவர்களுக்குப் படிவங்கள் நிரப்பிக் கொடுக்கிறேன். எந்தக் கடுதாசி எந்த யன்னலுக்குப் போகும், எந்தக் கையொப்பம் எந்த முத்திரைக்கு முன் வரும் என்பதெல்லாம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். அந்தப் பெருமையில்தான் இந்தக் காரியத்தைக் கெடுத்தேன்.

வியா மக்வேதாத் தெருவில், சிஞோரா என்று நாங்கள் அழைக்கும் ஓர் இத்தாலிய மூதாட்டியின் வீட்டில் வேலை செய்யும் கைம்பெண் ஒருவர் என்னிடம் வந்தார். அவருக்குப் பிள்ளைகள் இல்லை. உடன்பிறப்பென்று ஒரே ஓர் அண்ணன், நியூ ஜேர்சியில். அமெரிக்கக் குடியுரிமை கிடைத்ததுமே அவர் தங்கைக்காக மனுப் போட்டிருந்தார். பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பிறகு நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. அதற்குள் அண்ணனுக்குப் புற்றுநோய் முற்றி, வைத்தியர்கள் மாதக் கணக்குச் சொல்லத் தொடங்கியிருந்தார்கள். மனுப் போட்டவர் இறந்தால் மனுவும் இறந்துவிடும். அதையும் நான்தான் அவருக்குச் சொன்னேன்.

அமெரிக்காவின் குடிவரவுச் சட்டங்களை வரிசையாக வாசித்தவனுக்குச் சாப்பாடு இறங்காது. முதலில் சீனர்களுக்குக் கதவைச் சாத்தினார்கள். 1924இல் நாட்டுவாரியாக ஒதுக்கீடு வைத்து ஆசியர்களை முழுதாகவும் இந்தச் சிசிலிக்காரர்களை முக்கால்வாசியும் தடுத்தார்கள். சிஞோராவின் தாத்தா அந்த ஆண்டு கப்பல் ஏற முடியாமல் இங்கேயே தங்கிப்போனவர். அவருடைய பேத்தியான சிஞோரா இன்று தொலைக்காட்சியைப் பார்த்தபடி, படகில் வருகிறவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்கிறார். 1965இல் அந்த ஒதுக்கீட்டைக் கைவிட்டு உறவுமுறைக்கு முதலிடம் கொடுத்தபோது, ஐரோப்பியர்தான் தங்கள் சொந்தங்களைக் கூப்பிடுவார்கள் என்று பலர் நம்பினார்கள். வந்தது நாங்கள். பிறகு நியூயோர்க்கில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்தன. ஆயுதம் தாங்கிய எந்த அமைப்புக்கும் ஒரு பிடி சோறு கொடுத்தவர்கூட உள்ளே வரக் கூடாது என்று சட்டம் இறுகியது. இந்தோசீன மலைகளில் தாங்களே துப்பாக்கி கொடுத்துத் தங்களுக்காகப் போரிட வைத்த மக்களையும் அதே சட்டத்தால் சில காலம் தடுத்து வைத்தார்கள். இதையெல்லாம் எழுதியவர்கள் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் எழுதியிருப்பார்கள்.

இத்தனையும் தெரிந்த நான் அவருக்கு என்ன சொன்னேன்? எல்லோருக்கும் சொல்வதைத்தான் சொன்னேன்.

"ஃபைலோட எல்லாக் கடுதாசியையும் கொண்டு போங்கோ தங்கச்சி. ஒண்டும் விடாதேங்கோ."

எங்கள் ஆட்கள் அப்படித்தான். பிறப்புச் சான்றிதழிலிருந்து பழைய மின்சாரப் பட்டியல்வரை பிளாஸ்டிக் உறைகளில் போட்டு மார்போடு அணைத்துக்கொண்டு போவோம். நேப்பிள்ஸில் இருக்கும் அமெரிக்கத் துணைத்தூதரகத்தில் நேர்முகம் நடத்திய அதிகாரி, இத்தாலியில் எப்படி இருப்புரிமை கிடைத்தது என்று கேட்டிருக்கிறார். அவர் கேட்டு முடிப்பதற்குள் இவர் தன் புகலிட வாக்குமூலத்தை உறையோடு எடுத்து நீட்டிவிட்டார்.

அந்த வாக்குமூலத்தை எழுதியவனும் நான்தான்.

நடந்தது இவ்வளவுதான். ஊரில் அவருடைய ஒழுங்கையில் வீட்டுக்கு ஒரு நாள் என்று முறை வைத்துப் போராளி இயக்கத்துக்குச் சாப்பாட்டுப் பார்சல் கட்டினார்கள். சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் குழம்பு. இவருடைய முறை மூன்று தடவை வந்தது. நாலாவது வருவதற்குள் எல்லோரும் இடம்பெயர்ந்தார்கள். பிறகு இராணுவம் விசாரித்தது. மூன்று பார்சலுக்கு இத்தாலிக்காரன் இரங்கமாட்டான் என்று எண்ணி, ஒரு முகாமுக்கே இரண்டு ஆண்டுகள் ஒழுங்காகச் சமைத்து அனுப்பியதாக எழுதினேன். அந்தக் காலத்தில் எல்லோருடைய கதையையும் நான் கொஞ்சம் ஊதித்தான் எழுதினேன். அவருக்கு பெர்மெஸ்ஸோ என்ற இருப்பு அனுமதி கிடைத்தது. எனக்கு ஒரு தட்டு வடை கிடைத்தது. அதைத் தின்றுகொண்டே என் எழுத்தை மெச்சிக்கொண்டேன்.

மறுப்புக் கடிதத்தில் ஒரு பக்கம்தான் இருந்தது. அற்ப உதவி செய்தவர்களுக்கு அவர்கள் மனம் வைத்தால் விலக்கு அளிக்கலாம். மூன்று பார்சல் அற்பம். இரண்டு ஆண்டுச் சமையல் அற்பமில்லை. சுற்றுலா விசாவுக்கும் இதே தடைதான்.

கடிதத்தை மொழிபெயர்த்துச் சொன்னேன். மூன்று தரம்தானே ஐயா, என்று மட்டும் அவர் கேட்டார். வாக்குமூலம் பொய், எழுதியவன் நான் என்று கையொப்பமிட்டுத் தருகிறேன் என்றேன். அப்படி எழுதினால் இங்கே என்ன ஆகும் என்று கேட்டார். இந்த முறை மறைக்காமல் சொன்னேன். அந்தக் கடுதாசி குவெஸ்தூரா என்கிற பொலிஸ் தலைமையகத்துக்கு எட்டினால் இங்கே கொடுத்த புகலிடத்தையும் திரும்பக் கிளறலாம். அமெரிக்கா அதன் பிறகும் மறுக்கலாம்.

"அங்கையும் இல்லாமல் இஞ்சையும் இல்லாமல் நான் எங்கை ஐயா நிக்கிறது?"

மறுப்புக் கடிதத்தை மடித்து அதன் உறைக்குள் போட்டேன்.

அப்படியானால் அண்ணனிடம் உள்ளதைச் சொல்லிவிடுங்கள், அவர் புரிந்துகொள்வார் என்றேன். அவர் வேண்டாம் என்று தலையாட்டினார். ஒழுங்கையில் எந்த வீட்டுக்கு எந்த நாள் என்று முறை போட்டதும், சைக்கிளில் வந்து பார்சல்களைச் சேர்த்துப் போனதும் அண்ணன்தானாம்.

"தன்னாலதான் எண்டு நினைச்சுக்கொண்டு அவர் சாகக் கூடாது."

என் மேசையிலிருந்தபடியே அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தார். நானும் கேட்கும்படி ஒலிபெருக்கியைப் போட்டு மேசையில் வைத்தார். விசா பிரச்சினை இல்லை, நான்தான் வரவில்லை, சிஞோராவைப் பார்க்க வேறு ஆளில்லை என்றார். அந்தப் பக்கம் நெடுநேரம் இருமல். பிறகு அண்ணன் மூச்சுப் பிடித்துக் கேட்டார்.

"என்னை விட அந்தக் கிழவியின்ர வீடு கூட்டுறது உனக்குப் பெரிசாப் போச்சோ?"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என்னைப் பார்த்தார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

"ஓம் அண்ணா," என்றார்.