வலது பக்கத்து கேபின்

பிளாக்பள்ளியில் கப்பல் என்றால் பியாட்ரிஸ்தான். கண்டோன்மென்ட்டில் கப்பல் ஏறியவர்களுக்கா பஞ்சம்? பட்டாளத்துக்காரர்கள் ஏறினார்கள், பாதிரியார்கள் ஏறினார்கள், குதிரை வாங்க விற்கப் போன பட்டாணியர்கள்கூட ஏறினார்கள். ஆனாலும் மாதா கோயிலைச் சுற்றியிருந்த சந்துகளில் யாருக்காவது கடல் தாண்டும் யோகம் அடித்தால் அவர்கள் முதலில் வந்து நிற்பது பியாட்ரிஸ் வீட்டு வாசலில். 'கப்பல் பியாட்ரிஸ்' என்று பெயரே நிலைத்துவிட்டது. மார்க்கெட்டில் கறிக்கடை பாய்கூட "க்யா கப்பலம்மா, இன்னிக்கு எலும்பா, தனிக்கறியா?" என்றுதான் கேட்பார். அவள் தனிக்கறி வாங்குகிற நாட்கள் குறைவு. இருந்தாலும் அந்தக் கூப்பிடுதலுக்காகவே அந்தக் கடைக்குப் போவாள்.

அவள் புருஷன் ஓஸ்வால்ட் பேண்டு வாசித்தவர். யுத்தம் முடிந்த பதினெட்டாம் வருஷத்து விஷக்காய்ச்சலில் போய்விட்டார். பிள்ளை குட்டி கிடையாது. அழுது முடிப்பதற்குள் ரிச்மண்ட் டவுனில் ஒரு துரைசானிக்குக் கைக்குழந்தையோடு சீமைக்குப் போக ஆயா வேண்டும் என்று பங்குச் சாமியார் சொல்லியனுப்பினார். போனாள். அந்தக் குழந்தையை லண்டனில் இறக்கிவிட்டு, இன்னொரு வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திரும்பினாள். அதற்கப்புறம் பதினைந்து வருஷம் அவள் வாழ்க்கை பம்பாய்க்கும் லண்டன் துறைமுகமான டில்பரிக்கும் நடுவில் ஆடிக்கொண்டிருந்தது. கடைசித் துரைசானி ஊரைவிட்டே போனபோது தன் பழைய டிரங்குப் பெட்டியைக் கொடுத்துவிட்டுப் போனாள். பெட்டியின் மேல் ஏடன், போர்ட் சயீத், மார்சேல்ஸ் என்று கப்பல் கம்பெனிகளின் வண்ணச் சீட்டுகள். வீட்டுக்குள் நுழைந்ததும் கண்ணில் படுகிற மாதிரி அதை வைத்திருந்தாள். மேலே துணி போட்டு மூட யாரையும் விட்டதில்லை.

டோரீன் அவளுடைய சித்தி மகள். பத்து வயது சின்னவள். பிறந்ததிலிருந்து அவளுக்கு எல்லாம் நல்லபடியாகவே அமைந்தது, அதுதான் பியாட்ரிஸுக்கு ஆறாத விஷயம். நிறம் அவளுக்கு, கான்வென்ட் படிப்பு அவளுக்கு, மில் ஆபீஸில் ஹெட் கிளார்க் மாப்பிள்ளை டென்சில் அவளுக்கு, பென்சன் டவுனில் எலெக்ட்ரிக் விளக்கு போட்ட வீடு அவளுக்கு. பிள்ளை இல்லை என்று ஒரு குறை இருந்தது. பியாட்ரிஸ் அதற்காக மாதாவிடம் உருக்கமாகத்தான் வேண்டிக்கொண்டாள். மாதா கேட்டுவிட்டாள், மௌரீன் பிறந்தாள், அதற்கும் பியாட்ரிஸுக்கு வயிறு எரிந்தது. ஆனால் ஒன்று மட்டும் டோரீனிடம் இல்லை. கப்பல் இல்லை. தலைகீழாக நின்றாலும் அவள் கப்பல் டோரீன் ஆக முடியாது. அந்த ஒரு நினைப்பில் பியாட்ரிஸ் நிம்மதியாகத் தூங்கினாள்.

முப்பத்தாறாம் வருஷம், தவக்காலம். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து டோரீனும் டென்சிலும் நாலு வயது மௌரீனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தார்கள். டோரீன் வாசற்படி ஏறும்போதே கத்தினாள்.

"அக்கா! ஈஸ்டர் முடிஞ்சதும் நாங்க கப்பல்ல போறோம்!"

பியாட்ரிஸ் காபி கலக்கிக்கொண்டிருந்தாள். கரண்டி நின்றது. "யாரு கூட?" என்றாள். கப்பலில் போவதென்றால் யாராவது ஒரு துரை குடும்பத்தோடு போவது என்றுதான் அவள் அறிந்திருந்தாள்.

"யாரு கூட இன்னா? நாங்களேதான். பம்பாய்க்கு ரயில்ல போயி, அங்கேருந்து கப்பல்ல கொழும்பு. அவர் அண்ணன் அங்கதானே இருக்கார், வா வான்னு எழுதிக்கினே இருக்கார். வரப்போ போட் மெயில் ரயில்ல வந்துடுவோம். சும்மா, ஜாலிக்கு!"

ஜாலிக்கு! பியாட்ரிஸுக்குக் காதில் புகை வந்தது. இத்தனை வருஷத்தில் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, ஜாலிக்கு என்று அவள் கப்பலில் கால் வைத்ததுண்டா? இவள் செகண்ட் கிளாஸில், தன் பெயரில் எடுத்த டிக்கெட்டில், கையை வீசிக்கொண்டு போகப்போகிறாள்.

"நீங்கதான் எங்களுக்கு எல்லாம் சொல்லித் தரணும் அக்கா" என்றார் டென்சில். நல்ல மனுஷன். அதுவும் எரிச்சலாக இருந்தது.

ஆனால் கப்பலைப் பற்றி யாராவது கேட்டுவிட்டால் பியாட்ரிஸுக்கு வாய் சும்மா இருக்காது. எரிச்சல் ஒரு பக்கம் இருக்க, ஆரம்பித்துவிட்டாள்.

"பெரிய பொட்டி கீழே கிட்டங்கிக்குப் போயிடும், கொழும்பு வர வரைக்கும் கண்ணுல காட்டமாட்டான். அதனால மாத்துத்துணி, சோப்பு, குழந்தை சாமான் எல்லாம் சின்னப் பெட்டில, படுக்கைக்கு அடியில. கேபின் கப்பலோட நடுவுல கேளுங்க. முனையில எடுத்தா ஆடியே கொன்னுடும், பின்னால எடுத்தா மிஷின் சத்தத்துல பேஜாராயிடும். குழந்தைக்குக் கீழ்ப்படுக்கை. ஏறினதும் முதல் வேலையா குளிக்கற ரூம்காரனைப் புடிச்சி உன் நேரத்தைச் சொல்லி வை. இல்லேன்னா எல்லாரும் குளிச்ச அப்புறம்தான் உனக்கு. மேல்தளத்து சாய்வு நாற்காலி வேணும்னா நங்கூரம் எடுக்கறதுக்கு முன்னாடியே சொல்லி, பேர் எழுதி மாட்டிடணும். முதல் நாள் வயிறு முட்ட தின்னாதீங்க. வெறும் வயித்துலயும் இருக்காதீங்க. காஞ்ச ரொட்டி, கொஞ்சம் இஞ்சி. எலுமிச்சங்கா ஊறுகா ஒரு பாட்டில் எடுத்துக்க. அங்க அவன் போடறதுல உப்பும் இருக்காது, ஒரப்பும் இருக்காது."

டென்சில் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். டோரீன் கன்னத்தில் கை வைத்துக்கொண்டு, சின்ன வயதில் அக்காவிடம் பேய்க்கதை கேட்ட மாதிரியே கேட்டாள்.

"மேல்தளத்துல உக்காந்தா ஓரத்துக் கம்பிக்கு முதுகு காட்டி உக்காரணும்" என்றாள் பியாட்ரிஸ். "நாங்க அப்படித்தான். கண்ணு குழந்தை மேலயே இருக்கும், அது கம்பிப் பக்கம் வராது."

"அப்போ கடலைப் பாக்கறது எப்படிக்கா?"

"கடல்ல இன்னாடி இருக்குது பாக்க? தண்ணி."

எல்லோரும் சிரித்தார்கள். பியாட்ரிஸுக்கே மனது கொஞ்சம் இளகி வந்தது. போகட்டும், நம் தங்கச்சிதானே, போய்வரட்டும் என்றுகூட ஒரு நினைப்பு வந்தது. அந்த நேரம் பார்த்து டோரீன் நெருங்கி வந்து அவள் கையைப் பிடித்தாள்.

"அக்கா, நீயும் எங்க கூட வாயேன். உனக்கு டிக்கெட் நாங்க எடுக்கறோம். பாப்பாவை மட்டும் நீ பாத்துக்கிட்டா போதும். உனக்குப் பழக்கமாச்சே!"

அவள் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. சத்தியமாக இல்லை. அக்காவுக்குச் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னாள். ஆனால் பியாட்ரிஸுக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. வெள்ளைக்காரி வீட்டில் ஆயா, அது பிழைப்பு. சித்தி மகளுக்கே ஆயாவா? இவள் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டு உட்காருவாள், நான் இவள் பெண்ணுக்கு மூக்குச் சிந்திக்கொண்டு நிற்கணுமா?

"எனக்கு முட்டி வலிம்மா" என்றாள். "நீங்க போய்ட்டு வாங்க."

"கடைசியா ஒண்ணு அக்கா" என்றார் டென்சில். "கேபின் எந்தப் பக்கம் கேக்கறது? இடதா, வலதா?"

அது பியாட்ரிஸுக்கு நன்றாகத் தெரிந்த விஷயம். ஒரு துரை குடும்பத்தோடு இதே பம்பாய், இதே கொழும்பு வழியில் போயிருக்கிறாள். கப்பல் தெற்கே இறங்குகிறது. வலது பக்கம் மேற்கு. மத்தியானம் தொட்டு வெயில் அந்தப் பக்கத்து இரும்பில் இறங்கி, விளக்கு வைத்த பிறகும் கேபின் அடுப்பு மாதிரி கொதிக்கும். அந்த முறை இரண்டு குழந்தைகளுக்கும் உடம்பெல்லாம் வேர்க்குரு. விசிறி விசிறி அவளுக்குக் கை மரத்துப்போனது. துரைசானி மேலே காற்று வாங்கப் போய்விட்டாள். சொல்லவேண்டிய பதில் இடது பக்கம்.

"வலது" என்றாள் பியாட்ரிஸ். "கண்ண மூடிக்கிட்டு வலது பக்கம் எடுங்க."

அவர்கள் போன பிறகு பெட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். செய்தது பாவம் என்று தெரியும். ஆனால் பொய் சொல்லக்கூடாது, இனிப்பாகவும் இருந்தது.

அடுத்த ஞாயிறு கோயில் வாசலிலேயே டோரீன் பிடித்துக்கொண்டாள். "அக்கா, சவுத் பரேடு கப்பல் ஏஜெண்டு சிரிச்சாராம். வலது பக்கம் இந்தக் காலத்துல யாரும் கேக்கமாட்டாங்களே, இடது பக்கம் ஒண்ணு காலி இருக்குது, தரட்டுமான்னு கேட்டாராம். இவர் முடியவே முடியாதுன்னுட்டார். எங்க அக்கா எத்தனை தடவ போனவங்க தெரியுமா, அவங்க சொன்னா சொன்னதுதான்னு சொல்லிட்டு வலதையே எழுதி வாங்கிட்டு வந்தார்."

 மௌரீன் ஓடிவந்து பியாட்ரிஸின் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றது. இந்தக் குழந்தையும்தான் அந்த அடுப்பில் வேகப்போகிறது. ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கே மாற்றிவிடலாம். சொல்லத்தான் வாயைத் திறந்தாள். அப்போது டோரீனின் தலையில் புதுத் தொப்பி கண்ணில் பட்டது. கப்பலுக்கென்றே கமர்ஷியல் தெருவில் வாங்கிய வெள்ளைத் தொப்பி, நீல ரிப்பன் வைத்தது. துரைசானிகள் வைத்துக்கொள்கிற மாதிரியே.

"ஏஜெண்டுக்கு இன்னா தெரியும்?" என்றாள் பியாட்ரிஸ். "அவன் சவுத் பரேடைத் தாண்டி எங்க போனான்?"

அவர்கள் ரயில் ஏறிய நாளிலிருந்து அவளுக்கு வேறு வேலை ஓடவில்லை. அரிசி களையும்போது, இந்நேரம் டோரீனின் பவுடர் வழிந்து கழுத்தில் இறங்கியிருக்கும் என்று நினைத்தாள். துணி உலர்த்தும்போது, அந்த நீல ரிப்பன் வேர்வையில் சாயம் போயிருக்கும் என்று நினைத்தாள். குழந்தையின் நினைப்பு வரும்போது மட்டும் மனது சுருக்கென்றது. அப்போதெல்லாம் மாதாவிடம் ஓடிப்போய், குழந்தைக்கு ஒன்றும் ஆகக்கூடாது, தாய்க்காரிக்கு ஏதாவது ஆனால் பரவாயில்லை என்று மெழுகுவத்தி ஏற்றிவிட்டு வந்தாள்.

மே மாதம் திரும்பி வந்தார்கள். கையில் கொழும்புத் தேயிலை டப்பாவோடு, வந்த மறுநாளே பியாட்ரிஸ் வீட்டுக்கு வந்தார்கள். விஷயம் தெரிந்து பக்கத்து வீட்டு பவுலினும் வந்து சேர்ந்தாள். பியாட்ரிஸ் முதலில் குழந்தையை இழுத்துக் கழுத்தையும் முதுகையும் பார்த்தாள். வேர்க்குரு இல்லை. அப்பாடா என்று விட்ட மூச்சு முடிவதற்குள் டோரீன் அவளைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இரண்டு கன்னத்திலும் முத்தம் கொடுத்தாள்.

"அக்கா, அக்கா, உனக்கு எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியல! அந்த வலது பக்கம்!"

பியாட்ரிஸுக்கு ஒன்றும் புரியவில்லை. "சூடா இல்லே?" என்றாள்.

"சூடா? ஐயோ, கொதிச்சுதுக்கா! உள்ள நிக்க முடியல. மத்தியானமே இவர் பாப்பாவைத் தூக்கிக்கினு மேல காத்துக்குப் போயிட்டார், நீ தூங்கு, நான் பாத்துக்கறேன்னு. நான் ஒருத்திதான் உள்ள. வேக்காடு தாங்காம அந்த வட்ட சன்னலைத் திறந்து மூஞ்சியை வெச்சேன் பாரு..." டோரீன் நிறுத்திவிட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது. "சூரியன் எறங்குது. எனக்கு நேரா. மூணு நாளும் சாயந்தரம் நான் அந்த சன்னலை விட்டு நகரவே இல்ல. இடது பக்கம் எடுத்தவங்க யாருக்கும் அது கெடைக்கலக்கா. எல்லாரும் மேல டீ குடிச்சிக்கினு இருந்தாங்க. நான் இவர்கிட்ட சொன்னேன், அக்கா வேணும்னேதான் அந்தப் பக்கம் சொல்லியிருக்குது, இதைப் பாக்கட்டும்னு. வாயத் திறந்து சொல்லாம, கடல்ல தண்ணிதான் இருக்குதுன்னு சொல்லி என்னை ஏமாத்திட்டு!"

"நாங்க அப்படித்தான் பேசிக்கிட்டோம்" என்றார் டென்சில் சிரித்துக்கொண்டே.

பவுலின் வாயில் கை வைத்துக்கொண்டாள். "கப்பலம்மா, நீங்க எத்தனை தடவ பாத்திருப்பீங்க! எங்களுக்கு ஒரு நாள்கூட சொன்னதில்லையே. சொல்லுங்களேன், செங்கடல்ல எப்படி இருக்கும்?"

மூன்று பேரும் அவள் வாயையே பார்த்தார்கள். அள்ளிவிடுவதில் பியாட்ரிஸ் யாருக்கும் சளைத்தவள் இல்லை. ஏதாவது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தாள். ஒன்றும் வரவில்லை.

சாயந்தரம் என்பது கப்பலில் குழந்தைகளைக் குளிப்பாட்டுகிற நேரம். குளித்து முடித்து, துடைத்து, கஞ்சி ஊட்டித் தூங்கவைத்து அவள் நிமிரும்போது வெளியே இருட்டியிருக்கும். பதினைந்து வருஷம். அந்தச் சூரியன் ஒவ்வொரு நாளும் ஒரு இரும்புச் சுவருக்கு அந்தப்புறம் இறங்கிக்கொண்டிருந்திருக்கிறது. இந்தப்புறம் அவள் யாரோ பெற்ற பிள்ளைக்குக் காதுக்குப் பின்னால் சோப்பு போட்டுக்கொண்டிருந்திருக்கிறாள். இதே வழியில், இதே வலது பக்கத்துக் கேபினில் இருந்திருக்கிறாள். அந்த வட்ட சன்னலை வெயில் வருகிறதென்று அவளே துண்டு போட்டு மூடியிருக்கிறாள். டோரீனுக்கோ போன முதல் தடவையே, அதுவும் அக்கா கெடுதல் நினைத்துச் சொன்ன வார்த்தையாலேயே, அது கிடைத்துவிட்டது. பியாட்ரிஸுக்கு ஆயுசில் எத்தனையோ தடவை வயிறு எரிந்திருக்கிறது. அதெல்லாம் இதற்கு முன்னால் ஒன்றுமே இல்லை.

மௌரீன் அம்மாவின் மடியில் ஏறி, பேசவிடாமல் மோவாயைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தது. பியாட்ரிஸ் கையை நீட்டினாள்.

"குழந்தைய இப்படிக் குடு" என்றாள். குழந்தையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் அதன் மூக்கைத் துடைத்தாள். "செங்கடல் எங்கயும் போயிடாது. முதல்ல நீ சொல்லு. எந்தக் கலருல இருந்துச்சு, எவ்ளோ நேரம் இருந்துச்சு, ஒண்ணு விடாம சொல்லு."

டோரீன் சொல்ல ஆரம்பித்தாள். வயிறு எரிய எரிய, பியாட்ரிஸ் கேட்டுக்கொண்டே இருந்தாள்.